திரும்பத் திரும்பக் கொட்டுகிற பிள்ளை: சின்னஞ்சிறு விளையாட்டைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அடுக்களைக் கீழ்த்தட்டு ஒழுங்காக இருந்தால்தான் ஆச்சரியம். டப்பாவை இழுத்துப் போடும், உள்ளே இருப்பதைக் கொட்டும், அள்ளித் திரும்பப் போடும், மறுபடி கொட்டும். காசு கொடுத்து வாங்கிய, பாட்டுப் பாடும் பொம்மை தார்சாவில் ஒரு மூலையில் கிடக்கும். “இவன் சேட்டைக்கு ஓர் அளவே இல்லையே” என்று ஆச்சி அலுத்துக்கொள்வார்கள்.

இப்படி ஒரே செய்கையைப் பிள்ளை விடாமல் செய்துகொண்டிருப்பதற்குக் குழந்தை வளர்ச்சித் துறையில் ‘ஸ்கீமா’ என்று பெயர். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே தம் பிள்ளைகள் மூன்று பேரையும் கைக்குழந்தையிலிருந்தே கவனித்து இதைப் பற்றி எழுதினார். 1970களில் இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் கிறிஸ் ஏத்தி சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைக் கூர்ந்து பார்த்து, எந்தெந்தச் செய்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று வகை பிரித்தார். பெயரெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, விஷயம் இவ்வளவுதான்: கொட்டுகிற பிள்ளை கொட்டுவதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறது. இதற்குள் எவ்வளவு கொள்ளும்? கவிழ்த்தால் எல்லாம் விழுமா, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்குமா? அரிசி விழுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் ஒன்றா? அந்த வயசில் இதையெல்லாம் வாயால் கேட்க முடியாது, கையால் கேட்கிறது. ஒரு தடவை கிடைத்த பதிலை நம்பாமல் வேறு சாமானிலும் அதே பதில்தானா என்று பார்க்கிறது.

ஆகவே வயசுவாரியான பட்டியலைப் பார்த்து “இன்றைக்கு இந்த விளையாட்டு” என்று உட்கார வைப்பதைவிட, பிள்ளை ஏற்கெனவே எந்தச் செய்கையில் இருக்கிறது என்று பார்த்து அதற்கு ஏற்ற சாமானைக் கையில் கொடுப்பது பலமடங்கு மேல். பட்டியல் விளையாட்டில் பிள்ளை ரெண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விடும். தன் செய்கைக்குத் தீனி கிடைத்தால் கால்மணி நேரம்கூட நிற்கும்.

கண்டுபிடிப்பது எளிது. மூன்று நாள், காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் பிள்ளையைச் சும்மா பாருங்கள். குறித்து வைக்கும்போது சாமானின் பெயரை எழுதாமல் என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். ‘பந்து விளையாடினாள்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘உருட்டினாள், கட்டிலுக்கடியில் எறிந்தாள், மேலே இருந்து விழவிட்டாள்’ என்று எழுதினால் மூன்றாம் நாள் ஒரு வினை மட்டும் தூக்கலாகத் தெரியும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: நிரப்பிக் கொட்டுவது, எறிவதும் விழவிடுவதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பது, சுழற்றுவது, மூடுவதும் போர்த்துவதும், கட்டுவதும் இணைப்பதும், வரிசையாக வைப்பது. சில பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ரெண்டு இருக்கும். சில பிள்ளைகளிடம் எதுவும் தூக்கலாகத் தெரியாது. அதிலும் தப்பில்லை.

நிரப்பிக் கொட்டுவது

பெரும்பாலான வீடுகளில் முதலில் தலைகாட்டுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

உட்காரப் பழகிய எட்டு மாதப் பிள்ளைக்கு ஓர் ஓலைப்பெட்டி போதும். ஒன்றேகால் சாண் அகலம், நாலு விரற்கடை உயரம், பிள்ளை சாய்ந்தாலும் கவிழாத அடி. அதற்குள் மரக்கரண்டி, எவர்சில்வர் டம்ளர், விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டை, துணிச் சுருணை, மர மத்தின் தலை என்று பத்துச் சாமான். ஒவ்வொன்றும் தொட்டால் வேறு மாதிரி இருக்க வேண்டும். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்பவர் ஐரோப்பாவில் பரப்பிய ‘புதையல் கூடை’ முறையும் இதுதான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எதை எடுப்பது என்று பிள்ளை தீர்மானிப்பதுதான் இதில் வேலையே.

ஒன்றே முக்கால், ரெண்டு வயசில் தானியத்துக்குப் போகலாம். அரைக் கிலோ ரேஷன் அரிசி, அகலமான ஒரு தாம்பாளம், ரெண்டு டம்ளர், ஒரு குழிக்கரண்டி. கீழே பழைய போர்வை ஒன்றை விரியுங்கள். சிந்துவது நிச்சயம், போர்வை இருந்தால் நாலு முனையையும் தூக்கினால் அரிசி நடுவில் சேர்ந்துவிடும். முதல் நாள் ஒரு டம்ளரில் மட்டும் அரிசி, அதுவும் பாதி. கரண்டியால் அள்ளி அடுத்த டம்ளரில் போடுவதை ஒரே ஒரு தடவை, மெதுவாக, பேசாமல் செய்து காட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை உங்கள் கையைப் பார்க்காது, முகத்தைப் பார்க்கும்.

சாப்பிடுகிற பொருளை வைத்து விளையாடுவதா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. கல், சிப்பி நீங்கச் சலித்து, இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்த ஆற்று மணல் ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிச் சீமையில் திசையன்விளைப் பக்கம் என்றால் தேரி என்கிற செம்மணல் கையருகிலேயே இருக்கிறது. நன்றாக ஓடும், ஆனால் வெள்ளைச் சட்டையில் பட்டால் செம்மண் கறை லேசில் போகாது. உமியும் தவிடும் வேண்டாம், தூசு கண்ணிலும் மூச்சிலும் போகும்.

தண்ணீர் ஊற்றுவது கடைசி. சித்திரை வெயிலில் அங்கணம் இதற்குத் தோதான இடம், சிந்துகிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பது. நிறைந்த செம்பு ரெண்டு வயசுக் கைக்குக் கனம். பாதியில் மணிக்கட்டு தளர்ந்து மொத்தமும் கொட்டிவிடும். 150 மில்லி பிடிக்கிற, மூக்கு வைத்த சின்னக் கெண்டி, அதிலும் பாதித் தண்ணீர் போதும். வாங்கிக்கொள்கிற டம்ளர் கெண்டியைவிட அகலமாக இருக்கட்டும். ஊற்றும்போது பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கெண்டியையே பார்த்துக்கொண்டிருக்கும், டம்ளர் வழிவது தெரியாது. அதற்கு ஓர் உபாயம்: உள்ளே தெரிகிற டம்ளர் எடுத்து, முக்கால் உயரத்தில் வெளியே சிவப்பு நூலை இறுக்கிக் கட்டி, “நூல் வரைக்கும் ஊத்து” என்று சொல்லுங்கள். கண் தானாக டம்ளருக்குத் திரும்பும். தண்ணீரில் நாலு செம்பருத்தி இதழைக் கசக்கிப் போட்டால் நிறம் ஏறி மட்டம் நன்றாகத் தெரியும். மஞ்சள்தூள் போட்டால் உடுப்பு வீணாகும்.

“சிந்தாதே, சிந்தாதே” என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை பதறி இன்னும் சிந்தும். பக்கத்தில் ஒரு துணியை வையுங்கள், துடைப்பதும் விளையாட்டின் பகுதியாகட்டும். பேச வேண்டுமென்றால் நடப்பதைச் சொல்லுங்கள்: “ஊத்துற, ஏறுது, ஏறுது, நிறைஞ்சிட்டு.” “இது என்ன கலர்? இதுல எத்தனை?” என்று பரீட்சை வைத்தால் கையை வைத்துவிட்டு எழுந்து போகும்.

மூன்றரை வயசுக்கு மேல் இதே செய்கையைக் கணக்குக்குக் கொண்டு போகலாம். பரணில் பழைய படியும் உழக்கும் ஆழாக்கும் ஒரே செட்டாகக் கிடந்தால் இறக்கிக் கழுவிக் கொடுங்கள். ரெண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. பின்னம் என்ற வார்த்தையே இல்லாமல் பின்னம் கைக்கு வந்துவிடும். கடையில் விற்கிற எந்தக் கணக்கு விளையாட்டுச் சாமானும் இதற்கு ஈடில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

விளையாட்டுக்கு முன்னால் அப்புறப்படுத்த வேண்டியவை

மூன்று வயசுக்குக் கீழ் எல்லாம் வாய்க்குப் போகும். பிளம்பர் விட்டுப்போன ஒன்றேகால் இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்வாய் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். எந்தச் சாமான் அதற்குள் விழுகிறதோ அது தொண்டையை அடைக்கக்கூடியது, மூன்று வயது வரை கையில் கொடுக்கக் கூடாது. உருண்டைச் சாமான் என்றால் இன்னும் பெரிதாக, நாலரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு எல்லாம் இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடும். கொண்டைக்கடலையும் பட்டாணியும் மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது பெரும்பாடு. அரிசியும் சின்னதுதான். அதனால்தான் அந்த விளையாட்டுக்குப் பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், செல்போனைக் கீழே வைத்துவிட்டு.

குண்டுமணியை எந்த வயசிலும் விளையாடக் கொடுக்காதீர்கள். பார்க்க அழகு. ஆனால் ஓடு உடைந்ததையோ துளை போட்டுக் கோர்த்ததையோ மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளிக்காயும் அப்படித்தான். ரிமோட்டிலும் பேசும் பொம்மையிலும் இருக்கிற பொத்தான் பேட்டரியை விழுங்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. தண்ணீர் விளையாட்டு முடிந்த அந்த நிமிஷமே வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். நாலு விரற்கடைத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் சின்னப் பிள்ளையால் எழ முடியாது.

எறிவது, சுமப்பது, சுழற்றுவது

எறிகிற பிள்ளையிடம் “எறியாதே” என்று சொல்லிப் பலன் இல்லை. எறிவதற்கு இடமும் சாமானும் மாற வேண்டும். பழைய சேலைத் துண்டைச் சுருட்டித் தைத்தால் பத்து சென்டிமீட்டர் பந்து. ஒரு நார்ப்பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்து, “டம்ளரை எறியக் கூடாது, பந்தை இதுக்குள்ள போடு” என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்தில் நாலு உள்ளே விழ ஆரம்பித்தால் அரை முழம் தள்ளி வையுங்கள். மேலிருந்து விழவிடுவதில் ஆசை என்றால், ஒரு பலகையின் ஒரு முனையை நடைப்படியில் சாய்த்து சாத்துக்குடி, உருளைக்கிழங்கு, தேங்காய் மூன்றையும் உருட்டச் சொல்லுங்கள். தேங்காய் நேராக ஓடாமல் ஒருபக்கமாகத் திரும்பும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

சுமக்கிற பிள்ளை வீட்டுக்கே உதவி. வெங்காயத்தைப் பட்டாசல் கூடத்திலிருந்து அடுக்களைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். காது வைத்த ஓலைக் கொட்டானில் அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி இழுக்கிற வண்டி செய்தால் ஒரு சாணுக்கு மேல் கயிறு வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். சாண் கயிற்றைக் குனிந்துதான் இழுக்க முடியும் என்பதால் ரெண்டு வயசுக்காரருக்குத் தள்ளுகிற வண்டியே சௌகரியம்.

சுழல்வதில் மனசு போன பிள்ளைக்கு இந்தச் சீமையில் பங்குனிக்கு மேல் நுங்கு வண்டியைவிட நல்ல சாமான் கிடைக்காது. நாலு வயசிலிருந்து தள்ளலாம், ஆனால் செய்வது பெரியவர் வேலை. நுங்கு எடுத்த காய்களில் ஒரே அளவாக ரெண்டைப் பொறுக்குங்கள். கண் திறந்த பக்கம் வெளியே பார்க்க, அடிப்பக்கத்தின் நடுவில் கம்பியால் துளைத்து, விரல் பருமனில் 30 சென்டிமீட்டர் கம்பு ஒன்றை ரெண்டையும் சேர்த்துச் செருகுங்கள். கம்பு காய்க்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இந்த வண்டியில் சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுற்றும், சுழல்கிற இடம், தள்ளுகிற கம்பின் நுனியில் ரெண்டாகப் பிரிகிற கவட்டைக்குள். இதைத் தெரியாமல் துளையைப் பெரிசாகப் போட்டால் பத்தடி போகுமுன் காய் கழன்று ஓடும். தள்ளுகிற கவட்டைக் கம்பு 80 சென்டிமீட்டர் இருந்தால் போதும். கவட்டையின் உள்பக்கத்துப் பட்டையைச் சீவி வழவழப்பாக்கி இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும், கை பிடிக்கிற முனையில் துணி சுற்ற வேண்டும், விழுந்தால் வயிற்றில் குத்தாது.

வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறதா? காய்களை அளந்து பாருங்கள். சின்னக் காய் இருக்கிற பக்கம் திரும்பும், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு அது கடக்கிற தூரம் குறைவு. பிள்ளை இதைக் கவனித்துவிட்டால் வேண்டுமென்றே ஒரு பெரிசும் ஒரு சின்னதும் போட்டு வட்டமடிக்க வைக்கும். இரண்டு மூன்று நாளில் காய் வாடி, துளை அகன்று, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அப்போது தூக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு வேறு செய்யலாம். பனங்காய்க் கறை துணியில் போகாது, பழைய உடுப்பைப் போட்டுவிடுங்கள்.

மூடுவதும் போர்த்துவதும்

தாத்தாவின் பழைய சாரத்தை, அதாவது லுங்கியை, ரெண்டு நாற்காலிக்கு நடுவே கட்டினால் வீடு தயார். உள்ளே ஒரு பத்தமடைப் பாயை விரித்தால் போதும். பாய்க்குள் பிள்ளையைச் சுருட்டுகிற விளையாட்டில் தலையும் கையும் வெளியே இருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒளிவதில் ஆசையுள்ள பிள்ளை டிரங்குப் பெட்டிக்குள்ளும் போகும், அதைப் பூட்டியே வையுங்கள். பாலிதீன் பையைக் கண்ணில் காட்டாதீர்கள்.

அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானை எந்த வயசில் கொடுக்கலாம் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. கடைசலில் உருட்டி அரக்கு ஏற்றிய அந்தச் சின்னப் பானையும் மூடியும் திறந்து மூடுகிற கைக்கு அருமையான பயிற்சி. ஆனால் மூடிகளில் பாதி பிவிசி குழாய்ச் சோதனையில் தோற்றுவிடும் என்பதால் மூன்று வயசு முடியட்டும். அதுவரை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் நாலு அளவு எடுத்துக் கலைத்துக் கொடுத்து, எந்த மூடி எதற்கு என்று பொருத்த விடலாம். என்ன சாயம் என்று தெரியாத, உரிகிற பெயின்ட் அடித்த மலிவுச் சாமானை வாங்காதீர்கள், ஈயம் கலந்திருக்கலாம்.

வரிசையும் எண்ணிக்கையும்

செருப்பு, கரண்டி, கார் எதைக் கண்டாலும் வரிசையாக அடுக்குகிற பிள்ளை எண்ணுவதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இங்கே பெற்றோர் அவசரப்படுவது மனப்பாடமாக எண் சொல்ல வைப்பதில். “இருபது வரைக்கும் சொல்லுவா” என்பது பாட்டு ஒப்பிப்பது மாதிரி, எண்ணத் தெரிந்ததற்கு அடையாளமில்லை. ஐந்து கரண்டியை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. மூன்று வயசில் அது சகஜம்.

அதற்கு மருந்து சாப்பாட்டு நேரம். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு டம்ளர் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் குறைந்தால் யாருக்கு இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நாலு வயசு தாண்டி, வாயில் போடுகிற பழக்கமும் நின்றபின் பல்லாங்குழியை இறக்கலாம். முதல் வாரம் ஆட்ட விதியே வேண்டாம். பதினாலு குழிக்கும் ஒவ்வொரு புளியங்கொட்டை, அப்புறம் இரண்டிரண்டு. ஒரு குழியை விட்டுவிட்டுத் தாண்டுவதும் ஒரே குழியில் ரெண்டு போடுவதும் எல்லாப் பிள்ளையும் செய்யும். திருத்தாமல் கடைசியில் மிஞ்சிய கொட்டையைக் காட்டுங்கள். கோலத்துக்கு முதலில் தாம்பாளத்து மணலில் விரலால் மூன்று புள்ளி, அதைச் சேர்க்க ஒரு கோடு. பென்சில் அப்புறம் வரட்டும்.

வரிசை அடுக்குவதோ சக்கரம் சுற்றுவதோ தனியாகப் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் ஒரு வயசு தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயசிலும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய வார்த்தைகள் நின்றுபோயின, வரிசையைக் கலைத்தால் நெடுநேரம் அடங்கவில்லை என்று இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும், “ஆம்பிளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க ஏற்பாடு உண்டு. அந்த மருத்துவக் குழு வரும்போதும் கேட்கலாம்.

நாலு நாலரை வயசில், ஊற்றி ஊற்றிப் பழகிய பிள்ளையிடம் ஒன்று செய்து பாருங்கள். ஒரே மாதிரி ரெண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ரெண்டும் ஒரே அளவுதானே என்று கேளுங்கள். ஆமாம் என்றதும் அதன் கண்ணெதிரே ஒன்றை ஒல்லியான உயர டம்ளரில் மாற்றுங்கள். “இதுலதான் நிறைய இருக்கு” என்று உயரத்தைக் காட்டும். இது பியாஜேயின் பேர்போன சோதனை. விளக்கிச் சொல்லித் திருத்தப் பார்ப்பது வீண், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு ஏழு வயசில் தானாகப் பிடிபடும். அதுவரை வீட்டில் ரெண்டு பிள்ளைகள் இருந்தால், பாயாசம் ஊற்ற ஒரே அளவு டம்ளராகப் பார்த்து எடுங்கள்.